மங்க் என்றொரு பியானோக்காரர்

பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை என்றால் வழக்கமாக நம் பேராசிரியர்களைப் பற்றி எழுதுவோம், இல்லாவிட்டால் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதுவோம். இரண்டுக்கும் இந்த மலரிலேயே என்னைவிட நன்றாக எழுதக்கூடிய நண்பர்கள் இருக்கிறார்கள். ஆகவே நம் கல்லூரிக்கும் நம் ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் அமெரிக்கரைப் பற்றி எழுத மலர்க்குழுவிடம் அனுமதி கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். அவர் பெயர் தெலோனியஸ் மங்க். ஜாஸ் இசைக்காரர். 1982இல் காலமானார்.

சம்பந்தம் இல்லை என்றேனே தவிர, எனக்கு அவர் அறிமுகமானது நம் விடுதியில்தான். 1970களின் தொடக்கம். எங்கள் அறையில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. இரவு நேரத்தில் சிற்றலையில் திருகிக்கொண்டே போனால் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா கிடைக்கும். அதில் வில்லிஸ் கோனோவர் என்பவர் 1955இலிருந்து ஒரு ஜாஸ் நிகழ்ச்சி நடத்தி வந்தார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாகப் பேசுவார். ஒருநாள் அவர் மங்க்கின் தட்டு ஒன்றைப் போட்டார். அரை நிமிடம் ஆகியிருக்காது, பக்கத்துக் கட்டில் நண்பர் எழுந்து வந்து ரேடியோவின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஸ்டேஷன் விலகிவிட்டது என்பது அவர் எண்ணம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவிலேயே, இசை தெரிந்தவர்களே, ஏறக்குறைய 15 வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதருக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது என்று அச்சிலேயே எழுதினார்கள். அவரோ வாசிப்பை மாற்றிக்கொள்ளவும் இல்லை, யாரிடமும் போய் விளக்கம் சொல்லவும் இல்லை. பேசுவதே அபூர்வம்.

மங்க் பிறந்தது 1917 அக்டோபர் 10ஆம் தேதி, வட கரோலினா மாநிலத்தில் ராக்கி மவுண்ட் என்ற ஊரில். முழுப்பெயர் தெலோனியஸ் ஸ்ஃபியர் மங்க். மங்க் என்றால் ஆங்கிலத்தில் துறவி, ஸ்ஃபியர் என்றால் உருண்டை. இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு சாதாரண மனிதராக வாழ முடியுமா என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1922இல் தாயார் பார்பரா மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நியூயார்க் வந்து சேர்ந்தார். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களுக்கு இருந்த நிலைமை நமக்குத் தெரிந்ததே. தந்தை பின்னால் வந்து சில வருடங்கள் இருந்தார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஊருக்கே திரும்பிவிட்டார். தாயார் ஒருவரே வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தார்.

மேற்கு 63ஆவது தெருவில் ஒரு சின்ன வீடு. அந்தத் தெருவிலேயே மங்க் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். பியானோப் பாடம் முதலில் அக்கா மேரியனுக்குத்தான் ஏற்பாடாயிற்று. தம்பி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டான். அப்புறம் பாடம் தம்பிக்கு மாறியது. அதே பேட்டையில் ஜேம்ஸ் பி. ஜான்சன் வசித்தார். ஸ்ட்ரைட் என்ற பாணியின் பெரிய வாத்தியார் அவர். ஸ்ட்ரைட் என்றால் இடது கை கீழே ஒரு தனி ஸ்வரம், மேலே தாவி ஒரு கொத்து ஸ்வரம், மறுபடி கீழே, மறுபடி மேலே என்று நடைபோட்டுக்கொண்டே இருக்கும், வலது கை தன் இஷ்டத்துக்கு விளையாடும். மங்க்கின் வாசிப்பில் கடைசிவரைக்கும் இந்த நடை இருந்தது. எவ்வளவு புதுமை செய்தாலும் கால் அந்தப் பழைய தெருவில்தான் ஊன்றியிருந்தது.

கணக்கில் கெட்டிக்காரர். நியூயார்க்கில் பரீட்சை எழுதித் தேறியவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் ஸ்டைவசண்ட் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால் படிப்பை முடிக்கவில்லை. (இன்றைய மாணவத் தம்பி தங்கைகள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம்.) 17 வயது வாக்கில் ஊர் ஊராகப் போகும் ஒரு நற்செய்திப் பிரசங்கக் குழுவோடு சேர்ந்து இரண்டு வருடம் நாடு சுற்றினார். பிரசங்கம் நடக்கும், இவர் வாசிப்பார். கான்சாஸ் நகரில் அப்போது அவர் வாசிப்பைக் கேட்டவர்களில் ஒருவர் மேரி லூ வில்லியம்ஸ் என்ற பெண் பியானோ மேதை. கடைசிவரை மங்க்கின் தோழியாக இருந்தவர்.

1940களின் தொடக்கத்தில் ஹார்லம் பகுதியில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற கிளப்பில் மங்க்குக்கு நிரந்தரப் பியானோக்காரர் வேலை கிடைத்தது. டிரம்ஸில் கென்னி கிளார்க். ராத்திரி வேறு இடங்களில் கச்சேரி முடித்துவிட்டு டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர், கிதார்க்காரர் சார்லி கிறிஸ்டியன் எல்லோரும் அங்கே வந்து கூடுவார்கள். பணத்துக்காக அல்ல, தங்களுக்குள் வாசித்துப் பார்த்துக்கொள்ள. பின்னால் பீபாப் என்று பெயர் பெற்ற இசை அந்த மேடையில்தான் உருவானது. பாட்டின் அடியில் ஓடும் ஸ்வரக்கொத்துகளை யாரும் எதிர்பாராத விதமாக மாற்றி அமைப்பது அதன் அடிப்படை. அந்தப் பட்டறையில் மங்க்தான் தச்சுக்கணக்குப் போட்டுக் கொடுத்தவர் என்று கூட இருந்தவர்கள் பலரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பீபாப் புகழ்பெற்றபோது பார்க்கரும் கில்லெஸ்பியும் மேடை ஏறினார்கள், மங்க் வீட்டில் இருந்தார். பீபாப்பின் அடையாளமே வேகம். மின்னல் மாதிரி ஓட வேண்டும். இவரோ மற்றவர்கள் நாற்பது ஸ்வரம் போடும் இடத்தில் நான்கு போட்டுவிட்டுச் சும்மா இருப்பார்.

வேகம் வராததால் அப்படி வாசித்தார் என்று சொன்னவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 1941இல் ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு மின்டன்ஸுக்குப் போய்ப் பதிவு செய்த தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. அதில் இருபத்து மூன்று வயது மங்க் அந்தக் காலத்து வழக்கப்படி சரளமாக, சறுக்கில்லாமல் வாசிக்கிறார். ஆக, ஓடத் தெரிந்த கால்தான். நடப்பதென்று அவர் பின்னால் முடிவு செய்தார்.

அந்த நடை எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்வது கஷ்டம். இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

பியானோ வாசிப்பவர்களுக்கு முதல் பாடமே விரலை வளைத்து வைத்துக்கொள் என்பது. மங்க் விரல்களை நீட்டி, தட்டையாக வைத்துக் கட்டைகளை அடிப்பார். விரல்களில் பெரிய பெரிய மோதிரங்கள் வேறு. படப்பதிவுகளில் பார்த்தால் அடுப்பில் தோசைக்கல் காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்கிறவர் மாதிரி, சட்டென்று தொட்டுச் சட்டென்று எடுப்பார். சில சமயம் ஒரு ஸ்வரத்துக்காக முழங்கையைக் கூட இறக்குவார். அதில் வரும் நாதம் மற்றவர்களுடையது போல வழவழப்பாக இராது. மணி அடித்தது போலக் கணீரென்று விழும்.

இரண்டாவது, அந்தத் தப்பு ஸ்வரங்கள். பியானோவில் அடுத்தடுத்துள்ள இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் காதைக் குத்தும். எல்லோரும் ஒதுக்குகிற சேர்க்கை அது. மங்க் அதைத் தேடித் தேடி அழுத்துவார். அதோடு விடுவாரா? இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டு ஒன்றிலிருந்து மட்டும் விரலை எடுத்துவிடுவார், மற்றது நின்று ஒலிக்கும். கேட்கிறவர் காதுக்கு ஸ்வரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிப் போவது போலத் தோன்றும். நம் சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட சமாசாரமாகப் படும். கமகம்! கட்டை வைத்த வாத்தியத்தில் கமகம் வராது என்ற காரணத்தைக் காட்டித்தான் நம் அகில இந்திய வானொலி 1940இலிருந்து 30 வருடத்துக்கு மேல் ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது. மங்க் நம் சங்கீதத்தைக் கேட்டு இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டிலும் ஸ்வரத்தை வளைத்துப் பாடும் வழக்கம் உண்டு, அங்கிருந்து எடுத்தார். 88 கட்டைகளுக்கு நடுவில் இல்லாத ஸ்வரங்களைப் பியானோவிலிருந்து வரவழைக்க அவர் கண்ட உபாயம் அது.

மூன்றாவது, மௌனம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று கையை எடுத்துவிடுவார். ஓர் அடி, இரண்டு அடி, சில சமயம் ஒரு முழு வரி. பாஸும் டிரம்ஸும் போய்க்கொண்டிருக்கும். எங்கே வந்து விழப்போகிறார் என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். நாம் எதிர்பார்க்கும் இடத்துக்கு அரை இழை தள்ளி, ஒரே ஒரு ஸ்வரத்தோடு வந்து இறங்குவார். தாளம் கொஞ்சமும் பிசகியிராது. நல்ல மிருதங்க வித்வான் ஒரு சொல்லை வேண்டுமென்றே விழுங்கிவிட்டு அடுத்த சொல்லைப் போடும்போது சபையில் ஓர் ஆஹா வருமே, அது மாதிரி.

கச்சேரியில் சாக்ஸபோன்காரர் வாசிக்கும்போது பல சமயம் மங்க் பியானோவை விட்டே எழுந்துவிடுவார். தலையில் விதவிதமான குல்லாய், முழங்கைகள் மடங்கியிருக்கும், பியானோவுக்குப் பக்கத்தில் மெதுவாகத் தட்டாமாலை சுற்றுவார். பைத்தியம் என்றார்கள். ஆனால் அவரோடு வாசித்தவர்களுக்கு அந்த ஆட்டத்தில்தான் தாளத்தின் போக்குத் தெரிந்ததாம். தம் சுற்று வரும் நேரத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மற்ற ஜாஸ்காரர்கள் பாட்டின் மெட்டை ஆரம்பத்தில் ஒருமுறை வாசித்துவிட்டு அதன் அடியில் ஓடும் ஸ்வரக்கொத்துகளை வைத்துக்கொண்டு கற்பனைக்குப் போய்விடுவார்கள். மங்க் கற்பனையிலும் மெட்டை விடமாட்டார். அதையே பிய்த்து, புரட்டி, இரண்டு ஸ்வரத்தை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டி வாசிப்பார். கூட வாசிக்கிறவர்களையும் மெட்டை மனதில் வைத்துக்கொண்டே வாசிக்கச் சொல்வார். அதனால் அவர் பாட்டை அவர் மாதிரிதான் வாசிக்க முடியும். மொத்தம் ஏறக்குறைய 70 பாட்டுகள்தான் அமைத்தார். 'ரவுண்ட் மிட்நைட்', 'ஸ்ட்ரெயிட் நோ சேஸர்', 'ப்ளூ மங்க்', 'ரூபி மை டியர்', 'எபிஸ்ட்ரோஃபி' என்று அவற்றில் பாதிக்கு மேல் உலகம் முழுக்க இன்றும் ஜாஸ் மாணவர்களுக்குப் பாடம். ஒரு பாட்டுக்கு 'எவிடென்ஸ்', அதாவது சாட்சியம், என்று பெயர் வைத்தார். காரணம், அதன் அடித்தளம் 'ஜஸ்ட் யூ, ஜஸ்ட் மீ' என்ற பழைய பாட்டு. நீயும் நானும் மட்டும் என்றால் ஆங்கிலத்தில் ஜஸ்ட் அஸ். வேகமாகச் சொன்னால் ஜஸ்டிஸ், நீதி. நீதி என்றால் சாட்சியம் வேண்டுமே! அவ்வளவு பேசாத மனிதருக்குள் இந்தக் குறும்பு.

1947 அக்டோபரில் புளூ நோட் கம்பெனி முதன்முதலாக அவர் பெயரிலேயே தட்டுகள் பதிவு செய்தது. வயது முப்பது. விற்கவில்லை. கம்பெனி முதலாளியின் மனைவி லொரெய்ன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். ஹார்லமில் ஒரு கடைக்காரர், இந்த ஆளுக்கு இரண்டும் இடது கை அம்மா என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். 'ரவுண்ட் மிட்நைட்' பாட்டுக்கோ வரும்படி மூன்று பங்காகப் பிரிந்தது. முதலில் பதிவு செய்த டிரம்பெட்காரர் கூட்டி வில்லியம்ஸ் பெயரும், வரிகள் எழுதியவர் பெயரும் உரிமையில் சேர்ந்துவிட்டன. உலகத்திலேயே மிக அதிகம் பதிவான ஜாஸ் பாட்டுகளில் ஒன்று அது.

இனி 1951 ஆகஸ்டுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை நான் எழுத ஆசைப்பட்டதே இதற்காகத்தான்.

பட் பவல் என்று இன்னொரு பியானோக்காரர். மங்க்கைவிட ஏழு வயது இளையவர், மங்க் கைபிடித்து மின்டன்ஸுக்கு அழைத்து வந்தவர். பீபாப் வேகத்தைப் பியானோவில் கொண்டுவந்த மகாவித்வான். ஆனால் பாவம், 1945இல் பிலடெல்ஃபியாவில் போலீஸ்காரர்களிடம் தலையில் அடிபட்டு, அப்புறம் மனநோய் மருத்துவமனைகளுக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். அன்றைக்கு இவர்கள் ஒரு காரில் உட்கார்ந்திருந்தபோது போலீஸ் வந்தது. ஹெராயின் பொட்டலம் ஒன்று சிக்கியது. மங்க்குடையது அல்ல. யாருடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். மங்க் வாயைத் திறக்கவில்லை. 60 நாள் சிறையில் இருந்தார்.

சிறை பெரிய விஷயமில்லை. அப்போது நியூயார்க்கில் ஒரு சட்டம் இருந்தது. மது விற்கும் கிளப் எதிலும் வேலை செய்ய வேண்டுமானால் போலீஸ் கொடுக்கும் கேபரே கார்டு கையில் இருக்கவேண்டும். 1940இல் தொடங்கி 1967இல்தான் அந்த முறை ஒழிந்தது. போலீஸ் வழக்கு வந்தால் கார்டு போச்சு. மங்க்கின் கார்டு பறிபோயிற்று. ஜாஸ்காரருக்கு நியூயார்க் கிளப்புகளை விட்டால் பிழைப்பு ஏது? முப்பத்து நான்கு வயதில், கைப்பழக்கமும் கற்பனையும் உச்சத்தில் இருக்கும் வேளையில், சொந்த ஊரிலேயே வாசிக்க முடியாமல் ஆறு வருடம் போயிற்று.

வெளியூரில் எப்போதாவது கச்சேரி. தட்டுப் பதிவுகள் கொஞ்சம். மற்ற நேரமெல்லாம் வீடுதான். அந்த வீட்டில் இடமே கிடையாது. பேபி கிராண்ட் பியானோ சமையலறையில் நின்றது. அதன் மூடிமேல் சாமான்கள் அடுக்கியிருக்கும். மனைவி நெல்லி தையல் வேலையும் கிடைத்த வேறு வேலையும் செய்து, மகனும் மகளுமாக இரண்டு குழந்தைகளையும் கணவரையும் காப்பாற்றினார். வேறு யாராவது பியானோக்காரர் என்றால் கல்யாண வீடுகளில் வாசிக்கவாவது போயிருப்பார். மங்க் சமையலறையில் உட்கார்ந்து பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். போ என்று நெல்லியும் சொல்லவில்லை. இந்த அம்மாளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். 1957இல் நெல்லி அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோது மங்க் கட்டிய பாட்டு 'க்ரெபஸ்க்யூல் வித் நெல்லி', அந்தி வேளையில் நெல்லியோடு என்று பொருள். மற்ற எல்லாப் பாட்டையும் மேடைக்கு மேடை மாற்றி வாசித்தவர், இதை மட்டும் கற்பனை எதுவும் சேர்க்காமல் எழுதியபடியே வாசிப்பார்.

1954இல் பாரிஸ் போனார். அங்கே மேரி லூ வில்லியம்ஸ் மூலம் அறிமுகமானவர் பனோனிகா என்ற சீமாட்டி. உலகப் பணக்காரர்களான ராத்ஸ்சைல்டு குடும்பத்துப் பெண், ஒரு பிரெஞ்சு ராஜதந்திரியின் மனைவி. வீட்டையும் அந்தஸ்தையும் விட்டு நியூயார்க்கில் ஜாஸ்காரர்களோடு வாழ வந்துவிட்டவர். மங்க்குக்கும் நெல்லிக்கும் கடைசிவரை துணையாக நின்றார்.

1955இல் ரிவர்சைடு என்ற புதிய கம்பெனி, மங்க்கின் ஒப்பந்தத்தைப் பழைய கம்பெனியிடமிருந்து வாங்கியது. விலை 108 டாலர் 27 சென்ட். மங்க் அந்தக் கம்பெனிக்குப் பாக்கி வைத்திருந்த முன்பணம் அவ்வளவுதான்! முதலில் ஜனங்களுக்குத் தெரிந்த டியூக் எலிங்டன் பாட்டுகளை வாசிக்க வைத்தார்கள். அப்புறம் 1956இல் 'பிரில்லியண்ட் கார்னர்ஸ்'. அதன் தலைப்புப் பாட்டு எவ்வளவு கடினம் என்றால், சன்னி ராலின்ஸ், மாக்ஸ் ரோச் போன்ற ஜாம்பவான்கள் உட்கார்ந்தும் 25 தடவை முயன்று ஒருமுறை கூட முழுசாக முடிக்க முடியவில்லை. துண்டுகளை ஒட்டித்தான் தட்டு வெளிவந்தது. அந்தத் தட்டு வந்தபிறகுதான், இந்த மனிதர் தெரியாமல் வாசிக்கவில்லை, தெரிந்துதான் வாசிக்கிறார் என்று விமரிசகர்கள் எழுத ஆரம்பித்தார்கள்.

1957இல் ஒருவழியாகக் கார்டு திரும்பக் கிடைத்தது. ஜூலையில் ஃபைவ் ஸ்பாட் என்ற சிறு கிளப்பில் கச்சேரி தொடங்கி, வருடக் கடைசிவரை நடந்தது. சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன். போதைப் பழக்கத்தால் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, அதை விட்டொழித்துவிட்டு வந்திருந்தவர். காலையில் மங்க் வீட்டுக்குப் போவாராம். மங்க் படுக்கையிலிருந்து எழுந்து வந்து பியானோவில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுக்காமல் வாசித்தே காட்டுவார். புரியும்வரை திரும்பத் திரும்ப. குருகுலம் என்று நாம் சொல்வது வேறென்ன? கோல்ட்ரேன் பிற்காலத்தில் அடைந்த உயரத்துக்கு அந்த ஆறு மாதம் அஸ்திவாரம் என்பதை அவரே மறைக்காமல் சொன்னவர்.

அந்தக் குழு 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் வாசித்ததை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா பதிவு செய்தது. வெளிநாட்டு நேயர்களுக்காக. அதாவது, ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களுக்காக! ஆனால் நாடா எங்கோ பெட்டியில் போய்ச் சேர்ந்துவிட்டது. 2005இல்தான் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் கண்டெடுத்துத் தட்டாக வெளியிட்டார்கள். 48 வருடம் கழித்து முதல்முறையாகக் கேட்கிறோம், நேற்று வாசித்த மாதிரி இருக்கிறது.

நல்ல காலம் அதிக நாள் நீடிக்கவில்லை. 1958 அக்டோபரில் ஒரு கச்சேரிக்காகப் பனோனிகாவின் காரில் பால்டிமோர் போய்க்கொண்டிருந்தார்கள். மங்க், பனோனிகா, சாக்ஸபோன்காரர் சார்லி ரௌஸ். வழியில் டெலவேர் மாநிலத்தில் ஒரு விடுதியில் தண்ணீர் குடிக்க இறங்கினார் மங்க். உயரமான, பேசாத கறுப்பர் ஒருவர் உள்ளே வந்து நின்றதும் அவர்களுக்குப் பயம். போலீஸ் வந்தது. மங்க் காரைவிட்டு இறங்க மறுத்து, கதவைப் பிடித்துக்கொண்டார். தடியால் கைகளில் அடித்தார்கள். பியானோ வாசிக்கும் கைகளில். பனோனிகா அடிக்க வேண்டாம் என்று கதறினார். காரைச் சோதித்தபோது கொஞ்சம் கஞ்சா கிடைத்தது. அது தன்னுடையது என்று பனோனிகா ஒப்புக்கொண்டார். 1959இல் மூன்று வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், சோதனையே சட்டப்படி செல்லாது என்று 1962இல் அது தள்ளுபடி ஆனது. ஏழு வருடத்துக்கு முன் மங்க் பட் பவலுக்குச் செய்ததை இப்போது மங்க்குக்கு ஒருவர் செய்தார். இருந்தும் கார்டு மறுபடி போயிற்று. 1960வரை கிடைக்கவில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது புகழின் கதை. 1962இல் கொலம்பியா கம்பெனி. 1964 பிப்ரவரியில் டைம் பத்திரிகை அட்டையில் படம். முந்தின நவம்பரிலேயே வந்திருக்க வேண்டியது, கென்னடி கொலையால் தள்ளிப்போனது. ஐரோப்பா, ஜப்பான் என்று உலகம் சுற்றினார். அந்தக் காலத்துத் தட்டுகளில் எனக்கு ஒரு குறை உண்டு. பழைய பாட்டுகளையே திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறார். புதிதாகக் கட்டியவை மிகக் குறைவு. மனநோய் அடிக்கடி வந்து போக ஆரம்பித்திருந்தது. இன்று பைபோலார் என்று சொல்லப்படும் நோயாக இருக்கலாம் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கருதுகிறார்கள். நாள் கணக்கில் பேசமாட்டார், பிறகு நாள் கணக்கில் தூங்கமாட்டார். 'விசித்திர மனிதர்' என்று பத்திரிகைகள் ரசித்து எழுதியதில் பாதி நோய். வீட்டில் அதைச் சுமந்தவர் நெல்லி.

1970களில் மங்க்கும் நெல்லியும் ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில், வீஹாக்கனில் இருந்த பனோனிகாவின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே நியூயார்க். வீடு நிறையப் பூனைகள். 1976இல் கடைசிக் கச்சேரி. அதற்குப்பின் மங்க் வாசிக்கவில்லை. வீட்டிலேயே நல்ல பியானோ இருந்தது, ஏறக்குறைய தொடவே இல்லை. காலையில் எழுந்து கோட்டும் டையும் அணிந்துகொண்டு, கட்டிலில் படுத்திருப்பார். அதே வீட்டில் பாரி ஹாரிஸ் என்ற இளைய பியானோக்காரரும் வசித்தார். அவர் தினமும் சாதகம் செய்வதை மங்க் தம் அறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பாராம். ஒருநாள் மட்டும் எழுந்து வந்து உட்கார்ந்து, ஒரு பழைய பாட்டை இருவரும் மாற்றி மாற்றி வெகுநேரம் வாசித்ததாக ஹாரிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1982 பிப்ரவரி 17 அன்று, மூளை ரத்தக்குழாய்க் கோளாறால், 64 வயதில் மங்க் காலமானார். 1995இல் தபால்தலை வந்தது, 2006இல் புலிட்சர் சிறப்புப் பரிசு வந்தது. வாழ்ந்த தெருவில் ஒரு பகுதிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கேட்டுப் பார்க்க நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எடுத்த எடுப்பில் 'பிரில்லியண்ட் கார்னர்ஸ்' வேண்டாம், ஓடிவிடுவீர்கள். 'மங்க்ஸ் ட்ரீம்' நல்ல ஆரம்பம். பிறகு கார்னகி ஹால் பதிவு. அதன்பின் அவர் தனியாக வாசித்த 'தெலோனியஸ் ஹிம்செல்ஃப்', 1957 ஏப்ரலில் பதிவானது. அதன் குறுந்தகட்டுப் பதிப்பில் கடைசியாக ஒரு பதிவைச் சேர்த்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட 22 நிமிடம். 'ரவுண்ட் மிட்நைட்' பாட்டை மங்க் ஒத்திகை பார்ப்பது அது. தாமே கட்டி, ஆயிரம் தடவை வாசித்த பாட்டு. ஒரு வரி வாசிக்கிறார், நிறுத்துகிறார். அந்த முரட்டு ஸ்வரக்கொத்தில் ஒரு விரலை மட்டும் மாற்றிப் பார்க்கிறார். பிடிக்கவில்லை. பழையதை அடிக்கிறார். மறுபடி மாற்றுகிறார். நடுவில் ஒன்றுமே ஒலிக்காத இடங்கள். அப்புறம் திரும்பவும் முதல் வரியிலிருந்து.